கழித்தல் ஒன்று

நவம்பர் கடைசியில் ட்ரோம்ஸோவில்
சூரியன் மலைக்கு மேலே வருவதை நிறுத்திக்கொள்ளும்.
அந்த வாரமாகப் பார்த்துத்தான்
பழைய கேமரா ஒன்றை வாங்கினேன்.
ரசீது எழுதியவன் கேட்டான்:
எதைப் படம் எடுக்கப்போகிறீர்கள்?
பூனையை.
என்ன நிறம்?
கறுப்பு.
பேனாவைக் கீழே வைத்துவிட்டு
என்னை ஒருமுறை பார்த்தான்.

பெயர் லாக்ரிஸ்.
எங்கள் ஊரில் அது உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய்,
பிடித்தவருக்கு மட்டும் பிடிக்கும்.

முதல் ஐம்பது படங்களில்
வால்.
வால் போன பிறகு மிஞ்சிய நாற்காலி.
சோபாவின் நடுவே ஒரு துளை,
யாரோ உலகத்தை அந்த இடத்தில் மட்டும்
கத்தரித்து எடுத்தது போல.
ஃபிளாஷ் போட்டால் இரண்டு பச்சைக் காசுகள்,
பிறகு கட்டிலுக்கடியில் அரைநாள் கோபம்.
தரையில் கவிழ்ந்து படுத்துக் கெஞ்சினேன்.
வந்தது. லென்ஸை நக்கியது.
அந்தப் படமும் இருக்கிறது,
நாக்கு என்று நான் சொன்னால்தான் தெரியும்.

டிப்போவில் யோருன், வாய் நிறைய வாஃபிளோடு, சொன்னான்:
உன் கேமரா ஒரு குமாஸ்தா, தூரிட்.
எதைக் காட்டினாலும்
சாம்பல் என்றே பதிவேட்டில் எழுதும்.
கறுப்பைக் கண்டால் பதறிப்போய்
வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும்.
நீ குறை. கழித்தல் ஒன்று வை.

நண்பகலே நீலமாய்க் கிடக்கும் ஊரில்
இன்னும் குறை என்கிறான்.
இருபத்தெட்டாம் எண் பேருந்தை
பாலத்தின் மேல் ஏற்றும்போதெல்லாம்
அதையே நினைத்தேன்.
வைத்தேன்.
நரைத்துக் கிடந்த பூனை
மறுபடி கறுத்தது.
முதுகின் மேல் ஜன்னலின் நீலம்
ஒரு கோடாய்.
ஆனால் அசைந்துவிட்டிருந்தது.

டிசம்பர் பதினான்கு. கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்,
ஒன்றிலும் முழு முகம் இல்லை.
காணவில்லை என்று கொட்டை எழுத்தில் எழுதி
இருந்ததிலேயே நல்ல மங்கலாய்ப் பார்த்து
கீழே ஒட்டினேன்.
என் தடத்தின் பதினோரு நிறுத்தங்களில்.
அப்புறம் அதே பதினோரு நிறுத்தங்களில்
வண்டியை நிறுத்தி,
முகப்பு விளக்கில் அதைப் பார்த்து,
கதவைத் திறந்து, கதவை மூடி,
மூன்று நாள்.

நான்காம் நாள் ஒரு பெண்ணின் குரல்,
ஓஸ்ஹில்டாம், பாலத்துக்கு அந்தப் பக்கம்.
என் படகுக் கொட்டகையில் ஏதோ ஓடுகிறது,
அச்சு அசல் உங்கள் படத்தில் இருப்பது மாதிரியே.
முகம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும்
அரைக் காட்மீனைத் தின்றுவிட்டு
விளக்கடியில் பதினாறு மணிநேரம் தூங்கியது.
தொலைபேசிப் புத்தகத்தின் மேல் கேமராவை வைத்து,
மூச்சை அடக்கி, எடுத்தேன்.
மீசை மீசையாய் எண்ணலாம்.
காதின் கிழிசல்கூட விழுந்திருந்தது.
பார்க்கப் பார்க்க
தீவனப் பையின் மேல் அச்சடித்த
யாருடைய பூனையோ போல இருந்தது.
அழிக்கவில்லை.
அடுத்த முறை தொலையும்போது உதவும்.

தாள்களைக் கிழித்துக்கொண்டே வந்ததில்
மருத்துவமனை நிறுத்தத்தில் ஒன்று மட்டும் நிற்கிறது,
பனியில் ஊறி, மூலை சுருண்டு.
பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஏறும் பையன் கேட்டான்:
இன்னும் கிடைக்கவில்லையா?
கிடைத்துவிட்டது.
பிறகு ஏன் அது?
பயணச்சீட்டைக் காட்டு, உள்ளே போ, என்றேன்.
அவன் போகவில்லை.
அந்தப் படம் கொஞ்சம்
நன்றாக வந்திருக்கிறது, என்றேன்.