ஆறு மீட்டர் நாற்பது

விதி ஒற்றை வரிதான்:
பதினான்கு வயதுக்குட்பட்டவர் வண்டி
பெடல் ஒருமுறை சுற்றினால்
ஆறு மீட்டர் நாற்பதைத் தாண்டக் கூடாது.

ஊருக்குக் கிளம்பிய ஸ்காட்லாந்துக்காரரிடம்
எழுநூறு திர்ஹம் கொடுத்து வாங்கியது
ஒன்பதரைக்கு மேல் பாயும்.
முன்னால் ஐம்பது பல், பின்னால் பதினொன்று.
யாரோ ஒருவரின் கனத்த தொடைக்குப் போட்ட கணக்கு.
ஜெரூஷா வாயில் இன்னும்
ஒரு பால்பல் பாக்கி.

முசஃபாவில் கடை கடையாக ஏறினேன்.
"எல்லாரும் பெரிசு கேப்பாங்க" என்றார் குஞ்ஞிமோன்,
தூசி தட்டி முப்பத்தாறு பல் சக்கரத்தை எடுத்தபடி.
"இது யாருக்கு?"
பெரியதைக் கழற்றியதும்
போல்ட்டுகள் நீளமாகிப் போயின.
ஐந்து வாஷர்.
செயினில் ஆறு கண்ணி குறைத்தேன்.
சோபா உறையில் கிரீஸ்.

எட்வின் தாஸ் தீவில், இன்னும் பத்தொன்பது நாள்.
திரையில் வாய் திறந்தபடி முகம் உறைந்திருக்க
குரல் மட்டும் வந்தது:
"எச்னு எழுதின ஸ்க்ரூ.
கடிகார முள் போற பக்கம்.
மெதுவா. மெதுவான்னேன்ல."

ஒன்றே முக்கால் சுற்று.
அதற்குப் பிறகு செயின் பன்னிரண்டாம் பல்லோடு நின்றுகொண்டது.
பதினொன்று அங்கேயேதான் இருக்கிறது,
கொஞ்சமும் தேயாமல்,
பக்கத்து வீட்டு மாடியறை போல.

ஒன்பதாம் மாடி வராந்தாவில்
மாஸ்கிங் டேப் ஒட்டி உருட்டினோம்.
ஆறு மீட்டர் நாற்பது. அதற்கு மேல்
எட்டு மில்லிமீட்டர்.

"எட்டுதானேம்மா."
"எட்டுதான்."

சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
நாள் முழுக்க சில்லறையை
முழு எண்ணுக்குத் தள்ளிவிடுகிறவள்.
ஸ்கூட்டியை ஓட்டிவந்த எதிர்வீட்டுக் குழந்தை
டேப்பை மிதித்துக்கொண்டு போயிற்று.
நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மெலிந்த டயர் மாட்டியதும்
ஆறு முப்பத்தொன்று.
இப்போது அவள் கணக்குப் போட்டாள்:
சுற்றுக்கு ஒன்பது சென்டிமீட்டர் நஷ்டம்,
பத்து கிலோமீட்டருக்கு
நூற்று நாற்பது மீட்டர்.
"அதை யார் கட்டுறது?"
"காலால கட்டு" என்றேன்.
என் வாயிலிருந்து அது வந்திருக்க வேண்டாம்.

ஹுதைரியாத். சனிக்கிழமை, விடியல்.
கண்ணாடியில் ஆவி படிகிற புழுக்கம்.
தரையில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள்.
ரோமெல் ஒவ்வொரு வண்டியாய்ப் பின்னோக்கி உருட்டுகிறார்,
பெடல் ஒரு சுற்று வரும்வரை.
நூலெடை பார்க்கிற நகைக்கடைக்காரர் முகம் அவருக்கு.
புத்தம்புது கார்பன் வண்டி ஒன்று
கோட்டைத் தாண்டிவிட்டது.
அப்பா யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.
பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
ஓரமாய் நின்றான்.
எங்களது உள்ளே நின்றது,
ஒன்பது சென்டிமீட்டர் இடம்விட்டு.

போகும்போது எதிர்க்காற்று.
பெரிய பல் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.
திரும்பும்போதுதான் காற்று
முதுகில் கை வைத்தது.
பதினான்கு பிள்ளைகளும்
தையல் மெஷின் ஊசியாய்க் கால் அடித்தார்கள்.
ஷம்மா முன்னால் வந்தாள், அமிழ்ந்தாள்.
நீலச் சட்டைப் பையன் எட்டிப் பார்த்தான், அமிழ்ந்தான்.
இடுப்பு இருக்கையில் நிலைகொள்ளாமல்
துள்ளிக்கொண்டே வந்தாள் என் பெண்.
ஏழாவது.

"கால் தீந்துபோச்சும்மா,"
தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சொன்னாள்.
"காத்து மிச்சம் இருந்துச்சு."

அன்று இரவு அவள் தூங்கிய பின்
பார்க்கிங்குக்கு இறங்கினேன்.
டிக்கியிலிருந்து எடுத்துத்
தலைகீழாய் நிறுத்தினேன்.
அலன் சாவி என் பர்ஸிலேயே இருந்தது,
சில்லறைக்கும் லுலு ரசீதுக்கும் நடுவில்.
ஒன்றே முக்கால், எதிர்ப்பக்கம்.
கையால் பெடலைச் சுற்றினேன்.
டக்.
பதினொன்றில் விழுந்தது.

சக்கரம் பிறகு நிற்கவே இல்லை.
மோட்டார் சத்தம் என்று நினைத்திருப்பார்,
காவல்காரர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அது தானாக அடங்கியதும்
கடிகார முள் போகிற பக்கம்,
ஒன்று,
அரை,
கால்.

லிஃப்டில் ஒன்பதை
முழங்கையால் அழுத்தினேன்.