அமிலத்தில் கரையாதது

திங்கட்கிழமை. மங்களூர் லாரி.
நூற்று நாற்பது மூட்டை.
எடைமேடையில் முனிரத்தினம்
மூக்கை மூடாமல் டீ குடிக்கிறார்.
பதினோரு வருஷத்தில் மூக்கு வேலையை விட்டுப் போய்விட்டதாம்.

பத்து மூட்டைக்கு ஒன்றில் குத்தூசி விட்டு
ஒரு பிடி, ஒரு பிடியாய்த் தட்டில் பரப்புகிறேன்.
ரசீதில் இதற்கெல்லாம் ஒரே பெயர்:
கழிசல், காய்ந்தது, கோழித் தீவனத்துக்கு.

தட்டில்
நகத்தளவு நண்டு.
முட்டைக் கொத்தை வயிற்றோடு அணைத்தபடி
காய்ந்துபோன இன்னொன்று.
ஐந்தில் மூன்று கை மிச்சமிருக்கும் நட்சத்திரம்.
விரல் நீளத்தில் ஒரு மீன், முகத்தில் பாதி கண்,
அடிவயிற்றோரம் குண்டூசித் தலைகள் போல
வரிசையாய்ப் புள்ளி.
அவை விளக்குகள் என்று
மதியச் சோற்றின்போது போனில் படித்தேன்.
வெயில் எட்டாத ஆழத்தில்
தானே ஏற்றி, தானே அணைத்து
தன் இனத்தை அடையாளம் கண்டுகொள்ளுமாம்.

கை கழுவி வந்து
ஈரம்: ஒன்பது சதவீதம் என்று எழுதினேன்.

அரைத்த பொடி இரண்டு கிராம், மூசையில்.
உலையில் அறுநூறு டிகிரி.
மாமிசம் போகும், எண்ணெய் போகும்,
நாற்றம் மட்டும் கடைசிவரை நின்று
பார்த்துவிட்டுப் போகும்.
மிஞ்சிய சாம்பலில் அமிலம் ஊற்றிக் கொதிக்கவிட்டால்
முள் கரையும், சிப்பி கரையும்,
நட்சத்திரத்தின் மூன்று கையும் நுரைத்துக் கரையும்.
கரையாமல் வடிதாளில் நிற்பது மணல்.

பதினாலு.
ஒப்பந்தத்தில் எட்டு.
மீதி ஆறுக்கு விலையில் பிடித்தம்.

புரோக்கர் உமரப்பாவுக்குத் தமிழ் நன்றாக வரும்,
கோபம் வந்தால் பாதி துளு.
"மேடம், கரைப்பக்கம் மீன் எங்க இருக்கு?
இப்ப மூணு நாள் ஓடிப்போய்
இருநூறு பாகத்துல இழுக்கறாங்க.
இரும்புப் பலகை, சங்கிலி, எல்லாம் தரையில உரசித்தான் வரும்.
தரை வராம மீன் மட்டும் வருமா, நீங்களே சொல்லுங்க."

நான் என்ன சொல்ல.
"ஆறு பிடிச்சுக்கறோம் சார்" என்றேன்.

சல்லடையில் ஒரு குச்சி தங்கியிருந்தது.
கறுப்பு. சுள்ளி என்று எறியப் போனேன்.
முறிந்த முனையில் வளையத்துக்குள் வளையம்,
ஒவ்வொன்றும் முடியைவிட மெல்லிசு.
பவளமும் மரம்போல ஆண்டைக் கணக்கு வைக்குமா?
லென்ஸ் வைத்து எண்ணத் தொடங்கி
எழுபதில் கண் கலங்கியது.
அழுகை இல்லை, லென்ஸ் அழுக்கு.
அப்போது பாதிகூட வந்திருக்கவில்லை.

படிவத்தில் இருப்பது
ஈரம், புரதம், கொழுப்பு, உப்பு, மணல்.
குச்சியை மேசை இழுப்பறையில் போட்டேன்,
ஸ்டேப்ளர் பின்னோடு.

ஆறே காலுக்கு சித்தூர் பஸ்.
காட்பாடி தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் நெரிசல்.
கீழே ஆறு இருக்கவேண்டிய இடத்தில்
பள்ளம், கருவேலம், பள்ளம்.
முன்னால் தார்ப்பாய் மூடிய டிப்பர் ஒன்று
சாலையில் சொட்டிக்கொண்டே போகிறது.
இதை எல்லாரும் பார்க்கிறோம்.
ஜன்னலோரக்காரர் திட்டுகிறார்,
கண்டக்டர் பெருமூச்சு விடுகிறார்,
எப்போதாவது ஒரு ஜீப் வந்து மடக்குகிறது.
இருநூறு பாகத்துக்குக் கீழே
பாலம் இல்லை. ஜன்னல் இல்லை.
புழுதி அடங்க எத்தனை நாளாகும் என்றுகூட
எனக்குத் தெரியவில்லை.
அந்தப் புழுதியில் விளக்கு ஏற்றினால்
யாருக்குத் தெரியும்?

கொசப்பேட்டையில் இறங்கி
அரை டஜன் முட்டை வாங்கினேன்.
எங்கள் தீவனம் தின்ற கோழியாகவும் இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
இரண்டை உடைத்து ஊற்றினேன்.
மஞ்சள் கரு நல்ல நிறம்.

மென்றபோது பல்லில் ஏதோ நறநறத்தது.
ஓடாகத்தான் இருக்கும்.
ஓடு என்றால்
வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும்.