கவிழ்த்து வைத்த குடை

மூன்று நாள் மழை விட்ட ஞாயிறு.
பூசை முடிந்த கையோடு
கொறற்றியும் நானும் சவுக்கங்காட்டுக்குள் இறங்கினோம்,
செம்மலைக்கு இப்பால்,
றோட்டுக்கும் கடலுக்கும் நடுவில்.

கடல் வந்து போன பிறகு நட்ட மரங்கள்.
கீழே ஊசிச்சருகு ஒரு சாண் மெத்தை,
மிதித்தால் சத்தமில்லை.
சத்தமெல்லாம் உச்சியில்:
காற்று அங்கே நின்று
கடலைப்போலப் பேசிப் பழகுகிறது.

முதலில் கண்டதை எருமைச் சாணி என்றாள் கொறற்றி.
குச்சியால் தட்டினேன்.
பழுப்பாய்ப் புகை விட்டது.
இதுவும் காளான்தான் என்றேன்.
சவுக்கின் வேரோடு கூட்டு வைத்துப் பிழைப்பது,
கன்றோடு கன்றாய்
எந்தக் கணக்கிலும் பதியாமல் வந்து சேர்ந்தது.
அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

மரம் விட்ட வெளியில், புல்லுக்குள்,
வட்டமாய்ப் பதினொரு வெள்ளைக் குடை.
மேலே பழுப்புச் செதில்,
தண்டில் ஏறி இறங்கும் தளர்ந்த மோதிரம்.
"கறிக்குக் காணும்" என்றாள்.

கொறற்றியிடம் நாலு சட்டம்.
வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் தின்னலாம்.
ஆமை கடித்திருந்தால் தின்னலாம்.
கூடப் போட்ட உள்ளி நிறம் மாறாவிட்டால் தின்னலாம்.
நாலாவது,
அவளுடைய மாமி தின்று இன்னும் உயிரோடு இருக்கிறா.

என்னிடம் சட்டம் இல்லை.
போன கார்த்திகையில் ஆய்வுகூடத்து மேசையில்
ஐந்து போத்தல் வாந்திக்கு லேபிள் ஒட்டினேன்,
ஐந்திலும் ஒரே முகவரி.
காளான் பிடிக்காத கடைசிப் பெடியன்
வெளியே வாங்கில் இருந்து
செருப்பை ஆட்டிக்கொண்டிருந்தான்.
ஐந்து பேரும் பிழைத்தார்கள்.
அதனால் ஊரில் ஒருவரும் பயப்படவில்லை.

"மீனென்றால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவாயோ?"
என்று கேட்டு ஒன்றைத் திருப்பினேன்.
அடியில் தட்டுத் தட்டாய் வெள்ளைச் செவுள்,
பழுதே சொல்ல முடியாத வெள்ளை.
இனி வேரைப் பார்க்கவேண்டும்,
முட்டைக்கோது போலக் கிண்ணம் இருக்கிறதா என்று.
கத்தியை இறக்கினேன்.
இரண்டு விரல் ஆழத்தில் என் கை தானாய் நின்றது.
இந்த மண்ணில் அதற்குக் கீழே போக
என் கைக்கு இன்னும் விருப்பமில்லை.
கொறற்றி ஏனென்று கேட்கவில்லை.
பக்கத்தில் குந்தி, விரலாலேயே கிளறினாள்.
கிண்ணம் இல்லை.

ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
தண்டை வெட்டி, குடையைத் தாளில் கவிழ்த்தேன்:
பாதி வெள்ளைத்தாள், பாதி எக்ஸ்ரே உறையின் கறுப்பு.
மேலே ஒரு கோப்பை மூடி.
அமலதாஸ் வந்து பார்த்தான்.
"ஒரு கறிக்கு ஒரு இரவோ?"
கொறற்றியின் மகன் மூன்று தரம் வந்தான்,
அம்மா தேங்காய்ப்பால் பிழிந்துவிட்டாவாம்.
நாளைக்கு என்றேன்.
நாளைக்கு என்றேன்.
மூன்றாம் தரம் ஒரு பிஸ்கற் கொடுத்து அனுப்பினேன்.

இரவு எழும்பி இரண்டு தரம் கோப்பையைப் பார்த்தேன்.
தூக்கவில்லை.

விடிய எடுத்தபோது
தாளில் ஒரு சக்கரம் இறங்கியிருந்தது,
ஆரக்கால் ஒவ்வொன்றும் மயிரிழை.
கறுப்பில் சாம்பலாய்க் கிடந்தது
வெள்ளையில் பச்சை,
கிணற்றுக்கட்டின் இளம்பாசிப் பச்சை.
அவ்வளவு வெள்ளைக்குள் இருந்தது இது.

தாளைத் தட்டில் வைத்து,
வாளித்தண்ணீர் கொண்டுபோவதுபோல் அவள் படலைக்கு நடந்தேன்.
தேங்காய்ப்பால் ஏற்கெனவே உருளைக்கிழங்குக்குப் போயிருந்தது.
"இவ்வளவு வடிவான ஒன்றோ" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"வெள்ளையாய் விழுந்திருந்தால்?"

வெள்ளையாய் விழுந்தாலும் தின் என்று சொல்லியிருக்க மாட்டேன், கொறற்றி.
வேண்டாம் என்று சொல்லுமளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.
சரி என்று சொல்ல இன்னும் எவ்வளவோ பார்க்கவேண்டும்.

அவள் சிரித்து,
தட்டைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கி,
தாளை உயர்த்தி ஒரு ஊது ஊதினாள்.
பச்சை எழும்பி
முற்றத்து ஈரத்தில் இறங்கியது.

இரண்டு பேருக்கும்
கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.