மூச்சு மாற்றும் இடம்

வவுச்சரில் எங்களுக்குப் பெயர் கிடையாது.
'பெண் குரல் – 4' என்றிருக்கும்.
ஹெப்சிபா அதில் ஒன்று, நான் ஒன்று,
மற்ற இருவரில் ஒருத்தி துபாயில்,
ஒருத்தி இல்லை.

வடபழனியில் ஏழு மணி கால்ஷீட்டுக்குப்
பெரம்பூரிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக வருவாள்.
வாசலில் செருப்பைக் கழற்றும்போதே
ஒரு 'ம்' போட்டுப் பார்த்துக்கொள்வாள்.
உள்ளே ஏசியில் இட்லி கல்லாகும்.
நாலு பேருக்கு ஒரு மைக்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
'நீலப் புடவை, ஓரடி பின்னால போம்மா' என்பார்கள்.
எந்த நிறம் உடுத்தினாலும்
பின்னால் போகச் சொல்லும் குரல் அவளுக்கு.
போய்ப் போய் ஒருநாள் முதுகில் கதவு இடித்தது.
சிரித்துவிட்டோம். அந்த டேக் வீண்.

நாங்கள் பாடியவை சொற்கள் அல்ல.
ஆ. பிறகு ஓ. சில நாள் லலலா.
மழைக்கு, முதலிரவுக்கு,
கதாநாயகி ஓடிவரும் மலைச்சரிவுக்கு.
படம் பார்க்கத்தான் நேரமில்லை.

ஒரே ஒரு வித்தை தெரியும் எங்களுக்கு.
நீண்ட சுரத்தில் எல்லோரும் சேர்ந்து மூச்சு வாங்கக்கூடாது.
அவள் விடும் இடத்தில் நான் பிடிப்பேன்,
நான் விடும் இடத்தில் அவள்.
முழங்கையால் ஓர் இடி: இப்போது நீ.
கேட்கிறவர்களுக்கு
நூல் அறுந்ததே தெரியாது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது.
ஒருத்தியை நாலு தடவை பாடவைத்து
அடுக்கிக்கொண்டார்கள்.
அந்த ஒருத்தி எங்களில் யாருமில்லை.
மூன்று மாதப் பாக்கி கேட்டுப் போன மத்தியானம்
மேஜைக்கு அப்பாலிருந்தவர் கேட்டார்:
'நீங்கதான் பாடினீங்கன்னு என்ன ப்ரூஃப்?'
எனக்கு அழுகை வந்தது.
அவள் கைப்பையிலிருந்து
ரயில் சீசன் டிக்கெட்டை எடுத்தாள், பார்த்தாள்,
திரும்ப உள்ளே வைத்தாள்.

முப்பத்தெட்டு வயதில் சட்டம் படிக்கப் போனதற்கு
அவள் வேறு காரணம் சொல்வாள்.
வீட்டில் வாஷிங் மிஷின் சத்தம் தாங்கவில்லையாம்.

தம்புச் செட்டித் தெரு, ஜெராக்ஸ் கடைக்கு மேலே
மூன்று வக்கீல்களுக்கு ஒரு மின்விசிறி.
போர்டில் பெயர் முழுசாக இருக்கிறது:
எஸ். ஹெப்சிபா தங்கமணி, பி.ஏ., பி.எல்.
பெயிண்டர் பி.எல்.லை இரண்டு முறை எழுதிவிட்டானாம்.
சுரண்டிய தடம் இன்னும் வெள்ளையாக.

என் வழக்கு சின்னது.
சாலிகிராமத்தில் ஒண்டுக்குடித்தனம்,
வீட்டுக்காரர் செத்ததும் மகன் பூட்டை மாற்றினான்.
ஃபீஸ் விஷயத்தில் கறாராக இருந்தாள்.
பாதி முன்பணம் என்றாள். கொடுத்தேன்.

இன்று வராந்தாவில் என் பெயரை
மூன்று முறை கூப்பிட்டார்கள்.
ஜெயசௌந்தரி, ஜெயசௌந்தரி, ஜெயசௌந்தரீ...
சுதி சேரவில்லை. ஆனாலும்
அத்தனை பேர் திரும்பிப் பார்க்க
யாரும் என்னை அழைத்ததில்லை அதுவரை.

எதிர்த்தரப்புப் பையன் கடகடவென்று முடித்தான்.
அவள் எழுந்தாள். கறுப்பு அங்கி
தோளில் ஒரு பக்கம் சரிந்திருந்தது.
நீதிபதி காதோரம் கையைக் குவித்து
'மேடம், கொஞ்சம் முன்னால வந்து பேசுங்க' என்றார்.

போனாள். ஓரடி.
என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பியிருந்தால்
அந்த டேக்கும் வீணாகியிருக்கும்.

வாடகை ரசீதுகளின் தேதிகளை
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்,
மார்ச் ஐந்து, ஏப்ரல் ஐந்து, மே ஏழு.
இரண்டாம் வருஷத்து அக்டோபரில்
குரல் தேய்ந்தது. நின்றாள்.
வயசு. நெஞ்சுச் சளி.
கோர்ட்டில் விசிறிச் சத்தம் மட்டும்.

கடைசி பெஞ்சில்
என் வலது முழங்கை காற்றை இடித்தது.
வாய் திறந்திருந்தது எனக்கு.
பக்கத்தில் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்த பெரியவர்
சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

நவம்பர் ஆறு, என்றாள் அவள்.

அடுத்த மாதம் பதினேழுக்கு ஒத்திவைத்தார்கள்.
படியிறங்கும்போது அங்கியை மடித்துக் கையில் போட்டபடி,
எதிரில் வந்த யாருக்கோ வணக்கம் சொன்னபடி,
'அக்டோபர்ல நீ பிடிச்சிருக்கணும்டி' என்றாள்.