நாற்பதாம் பக்கம் வரை பொறு

மாசி மாதம். ஏஜாக்ஸ் நூலகத்தின் கதவு
திறக்கும்போதெல்லாம்
மைனஸ் பதினெட்டு முதலில் உள்ளே வரும்,
பின்னால் பெடியள் ஆறேழு பேர்,
பூட்ஸ் உப்பைக் கம்பளத்தில் உதிர்த்தபடி.
புத்தகத்துக்காக இல்லை.
அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம்,
வைஃபை இலவசம்,
ஹீட்டர் ஓரத்தில் ஒரு நீள வாங்கு.

“பதின்ம வயதுப் பையன்களுக்குப் பிடித்தவை என்று
ஒரு மேசை போடு” என்றாள் மேலாளர் மொரீன்.
போட்டேன்.
பனிச்சரிவில் தொலைந்தவன்,
ஹாக்கி அணியில் கடைசி இடம் பிடித்தவன்,
வாள், டிராகன், பழுதான விண்கலம்,
இரண்டு போர்கள்.
எல்லா அட்டையிலும் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று கிழமையாக
என் மேசையைத் தூசிதான் வாசித்தது.
ஒருவன் மட்டும் டிராகனைத் தூக்கினான்,
சார்ஜர் வயர் நழுவாமல் மேலே பாரம் வைக்க.

இதற்கிடையில்,
ரோஸ் அட்டை போட்ட ஒரு மெல்லிய நாவல்
இரவல் போவதும் வருவதுமாய் இருந்தது.
அண்ணனும் தம்பியும் ஒரு பழைய காரை விற்கப் போகிறார்கள்.
விற்கவில்லை. திரும்பி வருகிறார்கள்.
அவ்வளவுதான் கதை.
முதுகு ஒடிந்து, இரண்டு தரம் பசை வைத்தாயிற்று.
அதை எந்த மேசையிலும் நான் வைக்கவில்லை.

ஒருநாள் அடுக்கும்போது உதிர்ந்தன
இரவல் ரசீதுகள், முதுகில் பென்சில் எழுத்து.
எல்லாம் ஆங்கிலம்; எங்கள் வாயில் சொன்னால் இப்படி:

அட்டையைப் பார்த்துச் சிரிக்காத.
நாற்பதாம் பக்கம் வரைக்கும் பொறு.
பஸ்ஸுக்குள்ள கடைசி அதிகாரம் வாசிக்காத, சொல்லிப்போட்டன்.
லிபான், நீ அழுதனீ எண்டு எனக்குத் தெரியும்.
இல்லை. சளி.

விதிப்படி இவற்றை எடுத்து எறிய வேண்டும்.
வந்த பக்கங்களிலேயே திரும்பச் செருகினேன்,
இன்னொரு பிரதிக்கும் எழுதிப் போட்டேன்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
‘தேவை’ என்று மட்டும்.

பிறகு நிருஜன் வந்தான்.
மற்றவர்கள் இருந்தால் நான் மிஸ்,
ஒருவரும் இல்லாவிட்டால் அக்கா.
“அக்கா, அதுமாதிரி இன்னொண்டு இருக்கா?”
எது என்று அவனும் சொல்லவில்லை,
எது என்று நானும் கேட்கவில்லை.
“என்ன மாதிரி? கார் கதையா?”
“இல்லை.”
ஹூடியின் கயிற்றைப் பல்லில் கடித்து
வாங்குப் பக்கம் ஒருதரம் பார்த்தான்.
“ஆக்கள் ஒண்டும் கதைக்காமல் இருப்பினமே,
ஆனா விளங்குமே.
அந்த மாதிரி.”

சாகசம், மர்மம், விளையாட்டு, திகில்.
பதினொரு வருடமாக இந்த இறாக்கைகளுக்கு
லேபிள் ஒட்டுகிறவள் நான்.
இதற்கு ஒரு லேபிள் இல்லை.

தேடி மூன்று எடுத்தேன்.
ஒன்றில் மீன் பண்ணை,
ஒன்றில் விவாகரத்தான அப்பாவின் குளிர்பெட்டி,
ஒன்றில் ஒரு பையன், ஒரு கிழட்டு நாய், நீண்ட கோடை.
“ட்ரொலியில வையுங்கோ” என்றான்.
கழிவறைக்குப் போகிறவன்போல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து
தானியங்கி மெஷினில் தானே பதிந்து
பைக்குள் தள்ளினான், ஜிம் சப்பாத்துக்குக் கீழே.

இரண்டு கிழமை கழித்து மூன்றும் வந்தன,
இரவில், வெளிப்பெட்டி வழியாக, பனி ஒட்டியபடி.
மீன் பண்ணையில் ஒன்றும் இல்லை.
குளிர்பெட்டியில் ‘ஓகே’.
நாயின் கடைசிப் பக்கத்தில் ஒரு ரசீது,
முதல்முறையாக எனக்கு:

அக்கா, நல்ல புத்தகம்.
ஆனா நாய் சாகும் எண்டு
முதலே சொல்லியிருக்கலாம்.

பென்சில் எடுத்தேன்.
அடுத்தவனுக்காக முதல் பக்கத்தில்
‘நாய்’ என்று எழுதி,
மிச்சத்தைச் சொல்வதா விடுவதா என்று
மூடும் நேர மணி அடிக்கும்வரை
யோசித்துக்கொண்டிருந்தேன்.