வண்டிப்பாளையத்து ஏலக் கணக்கு

சோபகிருது வருஷம், ஆடி பிறந்து ஆறாம் நாள்.
செத்த துரையின் சாமான்களை
முகாம் வாசலில் பாய் விரித்துப் பரப்பினோம்.
கூவுபவன் தண்டோராக்காரன்.
எழுதுபவன் நான், பாடலேசுவரன், கும்பினிக் கணக்கு.

பெயர் எவால்த் ஃபொன் திராஸ்கோ.
ஃபொன் என்றால் பரம்பரைப் பிரபு என்றார் பாதிரியார்.
என் ஏட்டில் பொன் என்றே எழுதிவைத்தேன்.
பெயரோடு சரி அந்தப் பொன்.
எனக்குத் தரவேண்டியது மூன்று வராகன்.

முதலில் டோப்பா.
வெள்ளைப் பொடி கப்பலிலேயே தீர்ந்துபோய்
அரிசி மாவைத் தூவிக்கொண்டு அணிவகுப்புக்கு வருவார்.
வியர்வையில் மாவு கூழாகிக் காதோரம் வழியும்.
துடைக்க மாட்டார்.
வரிசையில் நிற்கும்போது கை தன்னுடையதல்ல என்பார்.
இன்று எறும்பு மொய்க்கிறது.
கூத்தாடி ஒருவன் அரைப் பணத்துக்கு எடுத்தான்.
இனி அது துரியோதனன் தலைக்கு.

அடுத்தது வாள். பிடியில் மூன்று மீன், குலச் சின்னம்.
தேவனாம்பட்டினத்துக் காத்தான் கிட்ட வந்து பார்த்து
"நம்மாளா இவரு?" என்றான்.
சிரிப்பு அடங்குமுன்
பரங்கிப்பேட்டை மரைக்காயர் எட்டு வராகனுக்கு முடித்துவிட்டார்.

கடிதங்கள் பதினொன்று. அவை ஏலத்துக்கு இல்லை.
பாதிரி மரத்தடியில் உட்கார்ந்து பாதிரியார்
ஒவ்வொன்றாய்ப் பிரித்துத் தமிழில் சொன்னார்.
புருசியா என்றொரு தேசம்.
நம் கரைபோல மணல்தான்,
ஆனால் மார்கழியில் ஏரி கல்லாகிவிடும், மேலே வண்டி ஓடும்.
(இதை நான் நம்பவில்லை.)
பன்னிரண்டு வயதில் பட்டாளப் பள்ளி.
தகப்பனும் இரண்டு அண்ணன்மாரும் ஒரே யுத்தத்தில்.
பதினாறில் இவர் முழங்காலில் ஈயம்.
பிறகு இருபது வருஷம் சமாதானம்;
அதுதான் அவரைத் தின்றது.
ஒருநாள் அரசர் பார்த்திருக்க அணிவகுப்பு.
இவர் குதிரை ஓரடி முந்திவிட்டது.
ஓரடிதான். வரிசை வளைந்துபோனது.
அதற்கப்புறம் பதவி உயரவில்லை.
மனு எழுதினார், மனு எழுதினார்,
ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து ஒரே பதில்: காத்திரு.
வயிறு காத்திருக்கவில்லை.
வேறு தேசத்துச் சட்டை, அனோவர் பட்டாளம்,
இங்கிலீஷ்காரன் கூலி, கடலூர்.

ஆனி முதல் வெள்ளி.
பிரஞ்சுக்காரன் மண்மேட்டை நோக்கி
மற்றவர்கள் வரப்போடு வரப்பாய்த் தவழ்ந்தபோது
இவர் நடந்தாராம்,
தாழம்புதரைத் தாண்டி, கெட்ட காலை இழுத்தபடி,
அடிக்கு அடி ஒரே அளவாக.
குனிய அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

நடை அளக்க ஒரு கோல் வைத்திருந்தார்.
குழி வெட்டியவர்கள் அதையே வைத்து அளந்தார்கள்.
கெடிலத்து மணல், சரிந்துகொண்டே இருந்தது.
ஆள் நெடியவர். நீளம் போதவில்லை.
முழங்காலை மடக்கித்தான் கிடத்தினார்கள்.
அந்தக் காலும் மடங்கியது.

அப்புறம் வந்தது வெள்ளைக் கொடியோடு ஒரு கப்பல்.
தை மாதமே சமாதானம் கையெழுத்தாகிவிட்டதாம்.
சம்பளக் குமாஸ்தா மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுக் கேட்டான்:
தையில் முடிந்த யுத்தத்துக்கு
ஆனி வரைக்கும் யுத்தப்படி எப்படி?
கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம் என்றும் சொன்னான்.
யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

ஏலப் பணத்தைச் சாராயக் கடையும் சலவைக்காரரும்
பல்லக்குக்காரர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள்.
என் முறை வந்தபோது பாய்தான் மிச்சம்.
நடைக்கோலை யாரும் கேட்கவில்லை.
என் வீட்டுக் கதவுக்கு இப்போது அதுதான் தாழ்ப்பாள்.

புரட்டாசியில் பன்னிரண்டாவது கடிதம் வந்தது.
வாங்க ஆளில்லை. கூலி இரண்டு பணம், நான் கொடுத்தேன்.
பாதிரியார் பிரித்தார். தாய் எழுதியிருந்தாள்:
ஏரி உருகத் தொடங்கிவிட்டது.
சமாதானம் ஆகிவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள்,
இனி எனக்கு உன்னைப் பற்றிக் கவலை இல்லை.
டோப்பாவுக்குப் பொடி அனுப்பட்டுமா?

ஏட்டை எடுத்து
பொன் திராஸ்கோ என்ற பெயருக்கு நேரே
திருத்தி எழுதினேன்:
மூன்று வராகன், இரண்டு பணம்.