பதினோரு பேர்

தாந்தில் கல்குவாரி. ஜூலைக் குளிர்.
கதை ஏதோ பழைய ஜப்பான் படத்தில் சுட்டது.
ஃபுல்வியோ மறைக்கவில்லை:
"அங்கே சாமுராய், இங்கே மந்திரவாதி. அவ்வளவுதான்."

இரண்டு படை வேண்டும்.
இருந்ததோ பதினோரு பேர்.
காலையில் மழித்த முகத்தோடு வடக்கே நின்றோம்,
மதியம் எம்பனாதா தின்று
தாடி ஒட்டிக்கொண்டு தெற்கே.
காதோரம் பசை அரித்தது.
வாளில் சுற்றிய அலுமினியத் தாள்
ஒவ்வொரு வீச்சுக்கும் கிழிந்தது.
நெலிதா பூசிய ரத்தத்தில்
பீட்ரூட் வாசம்.

மறு வருஷம்,
பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை.
தாடிக்கார நான்
யாருடையதோ குரலில் அலறி ஓடிவந்து குத்துகிறேன்.
காட்சி வெட்டி மாற,
வயிற்றைப் பிடித்து விழுகிறவனும்
நான்தான்,
மழித்த முகத்தோடு,
நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

பக்கத்து சீட்டுப் பையன் கைதட்டினான்.
எவனுக்கடா?